அத்தையின் ஏப்ரானும் என் பிரிண்டரும்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும். நான் படித்த பொறியியல் கல்லூரியில் அந்தப் பாடம் கிடையாது. அதனால்தான், கல்யாணமாகி ஐந்தாவது மாதத்தில், என் மாமியாரின் முகத்தை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டவைத்தேன். (பதற வேண்டாம், படத்தைத்தான்.)

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிள்ளைப்பாக்கத்து இளங்கோவை அங்கேதான் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். அவருடைய அம்மா கஸ்தூரி பதினான்கு வருடம் ஒரு கேன்டீனில் சமைத்தவர். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்துவிட்டு, ருசி பார்க்காமலே மூடியைப் போடுவார். உப்பு கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டு, வடக்குப்பட்டுப் போகிற சாலையில் சொந்தமாக மெஸ் திறக்கப்போவதாக அறிவித்தார்.

"எல்லா ஷிப்ட் பஸ்ஸும் அந்த வழியாத்தான் போவுது. மொத நாள் துன்னவன் மறுநாள் வரணும். வரலன்னா மூடிட வேண்டியதுதான்" என்றார்.

அத்தைக்கும் உடன் சமைக்கும் மூன்று பெண்களுக்கும், புடவைக்குமேல் முன்னால் கட்டிக்கொள்ள, ஏப்ரான் வேண்டும். அதில் அத்தையின் படமும் 'கஸ்தூரி மெஸ்' என்ற பெயரும் இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கடையில் கொடுத்துவிடலாம் என்றார் இளங்கோ.

"எதுக்கு? வீட்டுல பிரிண்டர் சும்மாதான கெடக்கு? நான் போட்டுத் தாரேன்" என்றேன்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "என் மருமவ இன்ஜினியரு. வூட்லயே துணில போட்டோ போட்றா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. அதற்கென்று ஒரு தாள் விற்கிறது. வீட்டுப் பிரிண்டரிலேயே அதில் படத்தை அச்சிட்டு, துணிமேல் கவிழ்த்து, இஸ்திரி போட்டு, ஆறியதும் தாளை உரித்தால் படம் துணியில் இருக்கும். கவிழ்த்து வைப்பதால் படத்தை முதலிலேயே இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். இதை அந்த வீடியோக்காரப் பெண் மூன்றாவது நிமிடத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நான் மூன்றாவது நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன். (ரொம்ப நேரம் பேசுறாளேன்னு!)

திறப்புக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு ஏப்ரானுக்கும் ஒரே மூச்சில் இஸ்திரி போட்டு முடித்தேன். ஒன்றை முதலில் உரித்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, வித்தைக்காரியைப்போல ஒவ்வொன்றாக உரித்தேன்.

முகம் அச்சு அசலாக வந்திருந்தது. அத்தை கிட்டே வந்து பார்த்தார். தன் மூக்கைத் தடவினார்.

"இன்னாமா, மூக்குத்தி இந்தாண்ட வந்துகீது?"

அப்போதுதான் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தேன். மெஸ் முன்னால் நின்றது, கஸ்தூரி பின்னால் போயிருந்தது, ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மாடியில் குடியிருந்த ஒடிசாக்காரர் பிரதீப்பைக் கூப்பிட்டு, "தம்பி, இது உங்க பாஷையா பாரு" என்றார் அத்தை. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இல்லே அம்மா" என்று மரியாதையாகச் சொன்னார்.

அத்தை என்னைத் திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். "சரி வுடு" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தை மட்டும் சூடு காட்டி எடுத்துவிடலாம் என்று ஓர் ஏப்ரான்மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். தூக்கியபோது ஏப்ரானில் அத்தை இல்லை. பெட்டியின் அடியில் இருந்து என்னைப் பார்த்தார். பயத்தில் பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது இளங்கோ அதே பெட்டியை எடுத்துத் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்திருக்கிறார். மெஸ்ஸில் அவர் விளக்கேற்றக் குனிந்ததும் பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. அவர் முதுகில் ஒரு கண்ணும் பாதிப் பொட்டும் இருந்தன.

அத்தை எட்டிப் பார்த்தார். "டேய், நீ எங்க போனாலும் பின்னாடியே நான் கீறேன்னு நெனச்சிக்கோ" என்றார். கூட்டம் கைதட்டியது. இளங்கோவும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து கைதட்டினார்.

பிறகு அத்தை, மிச்சமிருந்த மூன்று ஏப்ரான்களில் ஒன்றை எடுத்து மாட்டினார்.

"அத்தை, வேண்டாம் அத்தை, கழட்டிருங்க" என்று கெஞ்சினேன்.

"யாம்மா? என் மூஞ்சிதான கீது? பசியோட வர்றவன் எலைய பாப்பானா, என் வவுத்த பாப்பானா?"

ஷிப்ட் முடிந்த கூட்டம் வந்தது. பார்த்தார்கள், சிரித்தார்கள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்போது கைகழுவும் இடத்திலிருந்து ஒரு குரல்: "டேய், இங்க வந்து பாருடா, கண்ணாடில கரெக்டா கீது!"

தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில், சாம்பார் வாளியோடு நின்ற அத்தையின் வயிற்றில் 'கஸ்தூரி மெஸ்' என்று அழகாகத் தெரிந்தது. அடுத்தவன் செல்ஃபி எடுக்கச் செல்போனைத் திருப்பி, அத்தையோடு சேர்ந்து நின்று பார்த்தான். கண்ணாடியைப்போலவே திரையிலும் எழுத்து நேராகத் தெரிந்தது. அவ்வளவுதான், சாப்பிட்டவர்களெல்லாம் படமெடுக்க வரிசையில் நின்றார்கள். அத்தை ஒரு கையில் கரண்டியோடு எல்லோருக்கும் சிரித்தார். இரண்டு மணிக்குள் சோறு தீர்ந்துவிட்டது.

"யாரு போட்டதுக்கா இது?" என்று ஒருவர் கேட்டார்.

"என் மருமவ. இன்ஜினியரு. வேணும்னேதான் இப்டி போட்டா" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அரிசி மூட்டைக்குப் பின்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்நூறு பேரின் பசியைச் சமாளித்தவருக்கு ஒரு மருமகளின் மானம் எம்மாத்திரம்! அவருக்கு எந்தப் பாத்திரமும் கனம் இல்லை.

மறுநாளும் வந்தார்கள். இன்றும் வருகிறார்கள். அந்தப் படங்கள் வெளுத்ததும் நல்லபடியாகத் தைத்து வாங்கலாம் என்றேன். அத்தை சம்மதிக்கவில்லை. தையல்காரரிடம் இடவலம் மாறிய எழுத்தாகவே பூத்தையல் போடச் சொன்னார். அவர் மூன்று முறை போன் செய்து, "நெஜமாவா?" என்று உறுதி செய்துகொண்டார்.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. மெஸ்ஸிலேயே வளர்கிறாள். போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்: குழந்தை 'க'வையும் 'ரி'யையும் திருப்பித் திருப்பி எழுதுகிறாளாம், கண்ணில் ஏதும் கோளாறா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அத்தைதான் வேலைக்கு நடுவே, ஏப்ரானோடு அப்படியே போனார்.

டீச்சர் நோட்டைக் காட்டியிருக்கிறார். அத்தை நோட்டைப் பார்க்கவே இல்லையாம். நெஞ்சை நிமிர்த்தி நின்று, "கொழந்த மேல தப்பில்ல மிஸ். அவ எழுத்து படிச்ச பொஸ்தகம் இதான், நல்லா பாத்துக்கோங்க" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டியிருக்கிறார்.