கொப்பரைக்காரன் வீட்டில் தேங்காய் இல்லை

தேங்காய்ப்பட்டணம்,
நவம்பர் 1955.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மைத்துனர் கொட்டாரம் சத்தியநேசன் அவர்களுக்கு, உம்முடைய தங்கை ரத்னபாயின் புருஷன் இஸ்ரவேல் தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். அதை எழுதப் பேனா ஓடவில்லை. அவ்விடம் உமக்கும் உம் வீட்டுக்காரி விக்டோரியாவுக்கும் சுகமாகத்தான் இருக்கும். தங்கச்சி பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வயலில் போய் நிற்கிறவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

என் மகள் லில்லியின் சீக்கு என்னவென்று போன வருஷமே உமக்கு விவரமாகச் சொன்னேன். நீரும் தலையை ஆட்டினீர். ஆட்டின தலைக்குள் ஒன்றும் போகவில்லை என்று தெரிந்துபோனதால் மறுபடியும் எழுதுகிறேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு விழுகிறாள் என்றுதானே மதராசுக்குக் கொண்டுபோனோம்? அங்கே பெரிய டாக்டர் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் மாதிரி திரண்டு நின்றது. கொழுப்பு எதுவும் இவள் உடம்பில் சேராது, ரத்தத்திலேயே தங்கிவிடும், லட்சத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி வரும், மருந்து கிடையாது, கொழுப்புள்ள பண்டத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் மருந்து, கொடுத்தால் ஒருநாள் அந்த வலியிலேயே போய்விடுவாள் என்றார். தினம் எவ்வளவு தேங்காய் தின்பீர்கள் என்று கேட்டார். "தேங்காயா? நாங்க தேங்கா தின்னுறதில்லியே டாக்டர், கறிக்கு அரைக்கதோட சரி" என்றேன். கொப்பரை விற்றுப் பிழைக்கிற எனக்கே அது ஒரு தின்பண்டமாகத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

அன்றிலிருந்து இந்த வீடு படுகிற பாட்டைக் கேளும். பழைய அம்மியில் எத்தனையோ வருஷத்துத் தேங்காய் ஊறிக் கிடக்கிறது என்று ரத்னபாய் புது அம்மி கேட்டாள், வாங்கினேன். சட்டி, பானை, அகப்பை எல்லாம் புதிது. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் பிள்ளைக்கு. மஞ்சள்கருவைத் தின்று தின்று எங்கள் நாய் இப்போது குரைப்பதற்குக்கூட எழுந்திருப்பதில்லை. கடற்கரையில் சாளை மீன் குவிந்து மிதிபடுகிறது, அதில் எண்ணெய் உண்டு, ஆகாது. கொழுப்பில்லாத மீன் வேண்டும் என்று ஒரே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன், மீன்காரி வியாகுலம்மாள் அன்றைக்கே விலையை ஏற்றிவிட்டாள். "கொழுப்பில்லாத்த மீன கடலுக்குள்ள தனியா பாத்துல்லா பிடிக்கணும் மொதலாளி" என்கிறாள். பாலைக் காய்ச்சி ஆடையை எடுத்து, மறுபடி காய்ச்சி மறுபடி எடுத்து, கடைசியில் பிள்ளைக்குக் கிடைப்பது அரிசி கழுவின தண்ணீர்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் மட்டும் தேங்காய் அரைத்த கறியைத் தின்பதா என்று வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற பெண்களுக்கும் மத்தியானச் சாப்பாடு இங்கேதான். "இது கறியா, காலு கழுவுன வெள்ளமா?" என்று கேட்டுவிட்டுப் பாதிப்பேர் வேறு களத்துக்குப் போய்விட்டார்கள். சும்மாவா போனார்கள்? பெற்ற பிள்ளைக்கு ஒரு சில்லுத் தேங்காய் கொடுக்க மனசில்லாத கஞ்சன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு களியக்காவிளை போய்ச் சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்துவிட்டது. மொத்தமாகச் சரக்கு எடுக்கிற தங்கப்பன் என் கொப்பரையை மோந்து பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுலயே இத தொடமாட்டாவளாமே, சரக்குல என்னவோய் கேடு?" என்று வண்டியோடு திருப்பி அனுப்பினார்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். வலி நின்று, பிள்ளை முகம் தெளிந்து, பள்ளிக்கூடத்துக்கு ஓட ஆரம்பித்தாள். எனக்கு அது போதும். அப்போதுதானே நீர் விக்டோரியாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் சபையில் எல்லோருக்கும் சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு வந்து இறங்கினீர்? தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தால் உமக்குக் குறைச்சல், அதனால் தூக்குவாளி நிறையப் பாயசம்! "எண்ணெ இல்ல, நெய்யில்ல, தேங்கா ஒரு துண்டுகூட இல்ல, பிள்ளைக்குன்னே தனியா வச்சேன்" என்று விக்டோரியா சொன்னாள். நம்பினோம். பிள்ளை ஆசை ஆசையாகக் குடித்தாள். அன்றைக்கே வலியில் துடிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே வராந்தாவில் நின்று உம் வீட்டுக்காரி சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "நான் தேங்கா போடல்லியே அண்ணே! பாலு மட்டும்தான் பிழிஞ்சு ஊத்தினேன். சக்கைய எல்லாம் கோழிக்குப் போட்டாச்சே!" அதோடு விட்டதா? நீர் பக்கத்தில் நின்று, "அதானே மச்சான், பாலு எப்படி தேங்காயாவும்?" என்று கேட்டீர். நர்ஸ் பார்க்கிறாளே என்று உம்மை விட்டேன். இல்லையென்றால் அன்றைக்கு உமக்கும் ஒரு கட்டில் போடவேண்டி வந்திருக்கும்.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். கஞ்சி கொடுத்தால், "இதுல தேங்கா உண்டா அப்பா?" இல்லை மக்களே என்பேன். "பாலு?" அதுவும் இல்லை. "மாமியும் இல்லன்னுதானே சொன்னாவ?" என்கிறாள். பச்சைத் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிக்கிறாள். தேங்காய் தின்றாலும் போய்விடுவாள், எதுவும் தின்னாமல் இருந்தாலும் போய்விடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அது உமக்குத் தெரியும்.

ஆகையால் இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டுப் படி மிதிக்கவேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ரத்னபாய் அங்கே வரமாட்டாள். நீங்களும் இங்கே வரவேண்டாம். மாமன் சீர், பலகாரம், தூக்குவாளி ஒன்றும் வேண்டாம். விக்டோரியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் ஜன்னலைச் சாத்துவேன்.

தேவன் உங்கள் வயலையும் களத்தையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. உங்கள் பிரியத்திலிருந்து என் வீட்டைக் காப்பாராக. பெரியவர்களுக்குத் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
கோ. இஸ்ரவேல்

பி.கு.: கடிதத்தை உம் தங்கை வாங்கிப் படித்தாள். நேரே லில்லியிடம் போய், கொட்டாரம் மாமி இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாமிய வரச் சொல்லுங்க. மாமி ஆஸ்பத்திரியில எவ்வளவு அழுதாவ! இனி அவியளுக்கு மறக்குமா? மாமி வச்சுத் தந்தா தின்னுவேன்" என்கிறாள். நான் வைத்துத் தந்தால் என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். மேலே எழுதினதெல்லாம் எழுதினதுதான், ஒரு வரியையும் அடிக்கமாட்டேன். ஆனால் தபாலில் போட்டால் நாளாகும் என்று ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைக் கண்டதும் கிடைக்கிற பஸ்ஸில் விக்டோரியாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இந்த ஒரு தடவை தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வாரும் மச்சான். விக்டோரியாவின் கை மட்டும் போதும்.