எட்டாத காலர் பித்தான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் உங்கள் மகள் கல்யாணத்தில் நானே தைத்துப் போட்டிருந்த புதுச் சட்டையைப் பார்த்து, "என்ன மாப்ள, காலர் பித்தான் எட்டல? அளவுல கோட்டை விட்டுட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். நீங்களும் தையல்காரர்தான், ஆனாலும் கேட்டிருக்கக் கூடாது. பிரித்துத் தைத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சட்டையை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு, துவைத்துச் சுருக்கிவிட்டாய் என்று உங்கள் தங்கை மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டியது, மிஷின் மேல் குனிந்தால்தான் விட்டது, அதனால் ஓயாமல் தைத்தேன், சொன்ன தேதியில் துணி கொடுத்தேன், வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு, கிளம்புங்க" என்று உங்கள் தங்கைதான் இழுத்து வந்தாள்.

டாக்டரம்மா முதலில் கழுத்தைத்தான் பார்த்தார். "நரம்பு இப்படிப் புடைச்சிருக்கே, சட்டை இறுக்கலையா?" என்றார். எனக்குப் போன மானம் திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு, "இதயத்தைச் சுத்தித் தண்ணி கோத்து அமுக்குது. விரிய இடமில்ல. பிரஷர் இறங்கிட்டே இருக்கு, இப்பவே எடுக்கணும்" என்றார். "அப்போ காலர் அளவு சரிதானேங்க?" என்று கேட்டேன். அவர் உங்கள் தங்கையிடம் கையெழுத்து வாங்கப் போய்விட்டார். அவள் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டதைப் பார்த்த பிறகுதான் மச்சான், எனக்கு நிஜமான பயம் வந்தது. நெஞ்சில் ஊசி விட்டார்கள். யாரோ என் பிரஷரைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல எண் குறைந்துகொண்டே போனது, கண் இருட்டியது. தண்ணீர் குழாயில் இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

மறுபடி கோத்தால் நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். சாயந்திரம் மறுபடியும் ஸ்கேன். உங்கள் தங்கை சாப்பிடாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளைத் தனியாக விட்டுவிடாதீர்கள். வீங்கியது கழுத்து, காலரில் தப்பில்லை என்று அதே நாலு பேர் முன்னால் சொல்லியும் விடுங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம், புதுமணத் தம்பதிக்கு மனமார்ந்த ஆசி.

பின்குறிப்பு: ஸ்கேன் முடிந்தது. தண்ணீர் மறுபடி கோக்கவில்லை, குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்து வீக்கமும் வற்றிவிட்டது. அந்தச் சட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தேன். பித்தான் எட்டவில்லை. உங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அளவு நாடாவோடு வாருங்கள். என் கழுத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.