உண்ணிச்செடிக்கு நான் செய்த கவாத்து

படித்தவர்கள் தப்பு செய்தால் எங்கள் பக்கத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். மரியாதையாகக் கத்தியை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். தாவரவியலில் பட்டம், வகுப்பில் இரண்டாவது இடம். (முதலிடம் வாங்கியவள் என்னைப் பார்த்துத்தான் எழுதினாள். அது தனிக்கதை.)

சூரியநெல்லிக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு புல்சரிவு இருக்கிறது. அதன் அடிவாரத்து ஊற்றிலிருந்துதான் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர். அந்தச் சரிவை உண்ணிச்செடி விழுங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாக அழகாகப் பூக்கும்; அடியில் ஒரு புல்லை முளைக்கவிடாது. புல் போனால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும். அந்த வருஷக் கோடையிலேயே ஊற்று நூலாக இளைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, வனத்துறையில் காட்டு வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு ஒரு நிபந்தனை: அவரவர் ஊரில் ஒரு சிறிய இடத்தைச் சீராக்கிக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். சரிவைக் கண்டதும் வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைத் திரட்டினேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக்காரர். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளைப் பாதிக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவாத்து. அவரும் அவருடைய கூட்டாளி செல்லையா மாமாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். நான் ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசினேன். (ஆம், பாறைமேல்.)

“வேரோட புடுங்கிறலாமா தாயி?” என்றார் அப்பா.

“கூடாதுப்பா! சரிவுல வேரைப் புடுங்கினா மண் அரிச்சுட்டுப் போயிடும். மேல மட்டும் வெட்டுங்க. இலை இல்லைன்னா செடி பட்டினியில செத்துடும்.”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார்.

“அப்ப கவாத்துன்னு சொல்லு” என்றார் மாமா.

“அப்படியே வச்சுக்கோங்க.”

“இல்ல புள்ள, கவாத்துன்னா...”

“மாமா, இது தேயிலை இல்ல. இது வேற பாடம்.”

அவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷ அனுபவம், என் மூன்று வருஷப் பட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

அளவுக்குச்சி வைத்து, ஒவ்வொரு செடியையும் இரண்டடி உயரத்தில் சாய்வெட்டாக, பட்டை கிழியாமல் வெட்டினார்கள். காய்ந்த குச்சிகளைக்கூட எடுத்துவிட்டு, வெயிலும் காற்றும் நன்றாகப் படும்படி ஒழுங்கு செய்தார்கள். நான் அறுபது புகைப்படம் எடுத்தேன். மேசை போட்டதுபோல இருந்தது சரிவு.

பிறகு மழை பிடித்தது. நான் வீட்டுக்குள்ளேயே, அதிகாரியிடம் பேச வேண்டிய உரையைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கவில்லை. செத்த செடியைப் போய் யார் பார்ப்பார்கள்?

அதிகாரி வந்தார். லயமே பின்னால் திரண்டு வந்தது. உரையின் முதல் வரியைச் சொல்லிக்கொண்டே திரும்பிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு குச்சி இருந்த இடத்தில் எட்டுக் குச்சி. இடுப்பளவுக்குக் கொழுகொழுவென்று, கரும்பச்சை இலையும் கொத்துக்கொத்தாய்ப் பூவுமாய், பட்டாம்பூச்சிகள் பறக்க, ஊட்டி மலர்க் கண்காட்சிக்குத் தயாராக நின்றது உண்ணிச்செடி.

அதிகாரி மலையாளி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொள்ளாம் மோளே. நல்லாயிட்டு வளர்த்திருக்கியே. எந்து வளம் போட்டே?” என்றார்.

பின்னாலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். “படிப்புதான் சார் உரம்.”

லயம் மொத்தமும் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, “எம்மேலதான் சார் தப்பு. கவாத்து பண்ணுனா துளுக்கும்னு எனக்குத் தெரியும். தேயிலைய வெட்டுறதே அதுக்குத்தான. புள்ள ஏதோ புதுசாப் படிச்சிருக்கும்னு இருந்துட்டேன்” என்றார்.

அதுதான் சுருக்கென்றது. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். கவாத்து நடக்கும்போதெல்லாம் “நீ உள்ள போய்ப் படி” என்று விரட்டினார்கள், நானும் போனேன். எதற்காக வெட்டுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“தப்பு என்னோடது சார்” என்றேன். “அப்பா அன்னைக்கே சொன்னார். நான்தான் கேக்கல. எனக்கு இன்னும் ரெண்டு மாசம் குடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இந்த முறை நான் பாறைமேல் ஏறவில்லை. கடப்பாரையோடு அப்பா பக்கத்தில் குனிந்தேன். ஒரு வரிசை பிடுங்கியதும் அந்த இடத்தில் உடனே புல் பதித்தோம், மண் அரிக்கவில்லை. (என் பட்டத்தில் அந்தப் பாதி சரிதான்!) பிடுங்கிய வேர் மறுபடி மண்ணைத் தொடாமல் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைத்தோம். உள்ளங்கை கொப்பளித்தது. புல் பிடித்தது. வேலையும் கிடைத்தது. போன கோடையில் எங்கள் ஊற்று நூலாகவில்லை.

எல்லாம் சரியானாலும் கவாத்துக் கேலி மட்டும் ஓயவில்லை. சென்ற மாதம் போடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க நாலு பேர் வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டுமாம். முகத்தில் அடித்தாற்போல மறுக்க வேண்டாமே என்று, “கொஞ்ச நாள் போகட்டுங்க, பார்க்கலாம்” என்று நயமாகச் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் வந்த ஜீப் வளைவு திரும்புவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“என்னங்க, ஒங்க மக மறுபடியும் கவாத்து பண்ணி விட்டிருக்கா.”

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். எட்டுப் பேர்.

அப்பா உள்ளே போய், கடப்பாரையை எடுத்து வந்து என் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.