ஏழு பேர் தண்ணீர்

"உங்க வீட்ல இருக்கிற மத்த மூணு பேரு யாருங்க?" என்று கேட்டார் உதவித்தொகை அலுவலகக் கவுண்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரர்.

மூட்டைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். வரிசையில் நின்ற அம்மாளைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"உங்களைத்தாங்க. தனியாள் உதவித்தொகை வாங்குறீங்க. ஆனா வீட்ல நாலு பேர் இருக்கிறதா மெஷின் சொல்லுது."

"மெஷின் எப்பங்க என் வீட்டுக்கு வந்துச்சு?"

"அது வராது. உங்க தண்ணி மீட்டர்தான் மணிக்கு மணி கணக்கு அனுப்புது. ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணி ஆகாதுன்னு மெஷின் பிடிச்சிருச்சு. இந்த மாசத் தொகையை நிறுத்தி வச்சிருக்கு."

மூட்டைக்காரர் முப்பது வருஷம் சந்தையில் மூட்டை தூக்கியவர். முதுகெலும்பு மூன்று இடத்தில் தேய்ந்து, இனி தலையணையைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு வந்த தொகை அது. மனைவி போய் ஆறு வருஷம். தொகை நின்றால் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்குத்தான் போகவேண்டும். அக்கா தங்கமானவள். ஆனால் பேச ஆரம்பித்தால் மூச்சுவிடக்கூட நிறுத்தமாட்டாள்.

"எங்க தெருவுல மட்டும்தான் மீட்டரைப் பாக்குதா, எல்லாத் தெருவுலயுமா?"

"உங்க பக்கம் மெஷின்ல சிவப்புல இருக்குங்க. அங்கதான் நிறையப் பேர் பிடிபட்டிருக்காங்க."

"ஏன் அங்க மட்டும் பிடிபடுறாங்க?"

"அங்கதான் நிறையத் தேடினோம்."

"மேட்டுத் தெருவுல தேடினீங்களா? அங்க காரையே தினம் குளிப்பாட்டுறாங்க."

"அவங்க உதவித்தொகை கேக்கலையே. அடுத்த டோக்கன்."

வீட்டுக்கு நடந்தார். வீடு என்றால் ஒரே அறை. அந்த அலுவலகத்துக்கு முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டிருப்பது. போன வருஷம் கட்டடத்தின் முன்பாதியை அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்டபோது, வீட்டுக்காரர் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, இவரைப் பின்பாதியில் விட்டுவிட்டார். அங்கே டோக்கன் நம்பர் கூப்பிடுவது இவருக்குக் கட்டிலில் படுத்தபடியே கேட்கும். ஆனால் பின்சந்தில் இறங்கி, சந்தையைச் சுற்றி, பெரிய சாலை வழியாக அந்த வாசலுக்குப் போக இருபது நிமிஷம் ஆகும். தன் நம்பரைக் கேட்டுவிட்டுக் கிளம்பி, இரண்டு முறை வரிசையைக் கோட்டைவிட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து சிக்கனம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல், அதுவும் அரை வாளி. துணி வாரத்துக்கு ஒருமுறை. குழாயின் கழுத்தில் ஒரு துணியை இறுக்கிக் கட்டினார், சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று.

அடுத்த மாதம் போனபோது வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. மெஷின் இன்னும் முந்நூறு பேருக்குக் கடிதம் போட்டிருந்ததாம். ஆளாளுக்குக் கையில் கடிதம். உள்ளே கக்கூஸ் வாசலில் தனியாக இன்னொரு வரிசை.

"இப்ப ஏழு பேர் ஆயிட்டாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"நான் குளிக்கிறதையே நிறுத்திட்டேங்க."

கண்ணாடிக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "அது தெரியுது. அப்ப ஏழு பேர் தண்ணிய யாரு ஊத்துறா? இன்னொண்ணும் இருக்கு. பழைய மனுவுல கைநாட்டு. புது மனுவுல கையெழுத்து. எழுதத் தெரிஞ்ச யாரோ உங்க வீட்ல இருக்காங்கன்னு மெஷின் குறிச்சிருக்கு."

இதுதான் மூட்டைக்காரருக்குச் சுருக்கென்று குத்தியது. முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தபிறகு, சாயங்கால வகுப்புக்குப் போய், பேரன் வயசுப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து.

"அது என் கையெழுத்துங்க." பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதிக் காட்டினார்.

கண்ணாடிக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "அழகா இருக்கு. அதனாலதான் மெஷின் நம்பமாட்டேங்குது."

"நீங்க நம்புறீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். "நான் நம்புறதுக்கு இதுல கட்டம் இல்லைங்க."

விஷயம் அக்கா காதுக்குப் போனது. மறுநாளே வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"எங்கடா அவ?"

"எவ?"

"என்கிட்டயே மறைக்கிறியா? ஏழு பேராம். ஒரு பொண்டாட்டி, அஞ்சு புள்ளை. ஊரே சொல்லுது. கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"அக்கா, இந்த ரூம்ல நான் காலை நீட்டினா கதவு திறக்காது. அஞ்சு புள்ளையை எங்க வைக்கிறது, பரண்லயா?"

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துவரச் சொல்லி, அவரையே படிக்கச் சொன்னாள். அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். வார நாட்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும் தண்ணீர் அதிகம். சனி, ஞாயிறு இல்லை. அரசு விடுமுறைகளில் இல்லை.

அக்கா முகம் மலர்ந்தது. "லீவு நாள்ல அம்மா வீட்டுக்குப் போயிடுறாளா? அப்ப கவர்மென்ட் உத்தியோகம் பாக்குறவதான்டா. பரவாயில்ல. உனக்கு இது பெரிய இடம்தான்."

தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். "ஒரு மாசம் என் வீட்ல வந்து இரு. ரூமைப் பூட்டு. ஆளே இல்லைன்னா தண்ணி எப்படி ஓடும்னு பாப்போம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெட்டியைத் தூக்க அக்கா விடவில்லை, அவளே தூக்கினாள். மாதம் முழுக்க அவள் பேச, இவர் கேட்டார். இத்தனை நாள் சரியாகக் குளிக்காத குறைக்கு அங்கே இரண்டு வேளையும் நன்றாகக் குளித்தார்.

மாதக் கடைசியில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது இவருக்கு. ஆள் இல்லாத அறையில் தொடர்ந்து ஏழு பேருக்கான தண்ணீர் ஓடியிருக்கிறது. அறையை உள்வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் வசிப்பதாகச் சந்தேகம். திங்கட்கிழமை நேரில் விளக்கம் தரவேண்டும். தவறினால் தொகை நிரந்தரமாக ரத்து.

இரண்டாவது அக்காவுக்கு. தனியாள் தொகை வாங்கும் அவள் வீட்டில் திடீரென்று இரண்டு பேர் தண்ணீர். அவள் தொகையும் நிறுத்தம்.

மூட்டைக்காரருக்குத் தெரிந்து அக்கா முதல்முறையாகப் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் அவருக்குப் பேச்சைவிடப் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை எனக்கும் சேத்து நீயே பேசு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ரெண்டு பேருக்கும் போச்சுன்னா, தெருவுல நின்னு ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு இருக்கவேண்டியதுதான்."

திங்கள் விடியும்போதே தன் அறைக்குப் போனார். வாசல்படி ஓரத்தில், பலகைக்கு அடியில் மீட்டர். அதற்குப் பக்கத்தில் தண்ணீரை அடைக்கும் துருப்பிடித்த பெரிய திருகு. இரவல் வாங்கிய ஸ்பானரால் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். முதுகு படீரென்றது. விடவில்லை. திருகு இறுகி நின்றதும் ஒரு சங்கிலியைச் சுற்றிப் பூட்டும் போட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டார். இனி ஏழு பேர் இல்லை, எழுபது பேர் வந்தாலும் ஒரு சொட்டு வராது.

பதினோரு மணிக்கு அவர் நம்பர் வந்தது. அக்கா கூடவே நின்றாள். அலுவலகம் அன்று என்னவோ போலிருந்தது. கக்கூஸ் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வரிசையில் பாதிப் பேர் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார்கள். கண்ணாடிக்காரர் முழங்காலை இறுக்கிச் சேர்த்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"இன்னிக்குக் கணக்கைப் பாருங்க சார். அப்புறம் நான் பேசுறேன்."

அவர் தட்டினார். புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறியது. "காலையிலருந்து பூஜ்யம்."

"பாத்தீங்களா? ஆளே இல்லை."

"அது இல்லைங்க." கண்ணாடிக்காரர் திரையை இவர் பக்கம் திருப்பினார். முழுத்திரையும் சிவப்பாக இருந்தது. "விசாரணைன்னதும் ஏழு பேரையும் அப்புறப்படுத்திட்டீங்கன்னு சொல்லுது. தடயத்தை அழிச்ச குற்றம். இதுக்கு மேல என் கையில எதுவும் இல்லை. ரத்துன்னு அழுத்தவேண்டியதுதான்."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்காரரின் விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

அப்போது பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து குழாய் ரிப்பேர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், உங்க கக்கூஸ்ல ஒரு கோளாறும் இல்லை. உங்க ஆபீஸ் குழாய் முழுக்கச் சுவருக்குப் பின்னாடி இருக்கிற ரூம்காரர் மீட்டர்லருந்துதான் வருது, அந்த மனுசன் காலையில அதைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாரு. அவரைத் தேடிப்பிடிச்சு, கையில கால்ல விழுந்தாவது சாவியை வாங்குங்க."