சக்கையோடு ஒரு பட்டணப் பிரவேசம்

வடசேரி சந்தைப் பக்கம் வாழைக்குலை வியாபாரம் செய்துவந்த சிவதாணு பிள்ளை தம் வாழ்நாளில் இரண்டே இரண்டு சபதங்கள் எடுத்திருந்தார். திருவனந்தபுரத்தை மிதிப்பதில்லை என்பது ஒன்று. கிருஷ்ணமணி என்ற பெயரைத் தம் வீட்டுக்குள் ஒலிக்க விடுவதில்லை என்பது மற்றது. இரண்டும் ஒரே சாயங்காலத்தில், ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் பொடிப்பொடியாகிவிட்டன.

முதல் சபதத்துக்குக் காரணம் சோம்பல். பிள்ளைக்கு ஊர் பார்ப்பது பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவி சண்முகவடிவை வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கோட்டைமேல் ஏறி, கடலைப் பார்த்து, "அடேயப்பா!" என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடுவதற்குள், "பாத்தாச்சுல்லா? கல்லு, வெள்ளம். அவ்வளவுதான். நட!" என்று இழுத்துக்கொண்டு வந்து மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வருஷம் தவறாமல் திருவனந்தபுரத்தைக் கேட்பாள். அவரும் வருஷம் தவறாமல் ஒரு காரணம் சொல்வார். மழை, வெயில், குலை விலை இறங்கிவிட்டது, குலை விலை ஏறிவிட்டது.

இரண்டாவது சபதத்துக்குக் காரணம் பொறாமை. இதற்கு மரியாதையாக வேறு வார்த்தை தேடிப் பிரயோஜனம் இல்லை. கிருஷ்ணமணி, வடிவுக்கு அத்தை மகன். ஒரு காலத்தில் அவளை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சு எங்கேயோ முறிந்து, பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கல்யாணப் பந்தியில் அவன் பாயசம் விளம்பியதைப் பிள்ளை பார்த்தார். நல்ல உயரம். சுருட்டை முடி. விளம்பும்போதே வாயில் ஒரு ராகம். மாப்பிள்ளை இலையில் ஒரு கரண்டி விட்டவன், பெண்ணின் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக விட்டான். அந்த ஒரு கரண்டிப் பாயசம் பிள்ளையின் நெஞ்சில் இன்றுவரை செரிக்கவில்லை. அவன் முகம்கூட மறந்துபோயிற்று, முடி மறக்கவில்லை.

மறுவீடு முடிந்து வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பதுதான். வடிவு எடுக்கவில்லை. உறவுக்காரர்கள் எடுக்கவில்லை. அடுத்த வீட்டுக் கோலப்பன் ஒருதடவை எதையோ சொல்ல வந்து அந்தப் பேரை எடுத்துவிட்டார். எடுத்த வாக்கியத்தை முடிக்கக்கூட விடாமல் பிள்ளை அவரோடு ஒரு மாதம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான், வைகாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், காப்பியை முன்னால் வைத்துவிட்டு வடிவு சொன்னாள்:

"கேட்டியளா, இனி நீங்க திருவனந்தரத்துக்கு வரண்டாம்."

"நான் எப்பட்டீ வாறேன்னு சொன்னேன்?"

"அதான் சொல்லுதேன், வரண்டாம். நான் மட்டும் போயிட்டு வந்துருதேன். கிருஷ்ணமணி அத்தான் அங்ஙனதானே இருக்காவ. 'வடிவு, ஒரு நாளைக்கு வா, ஊரு முச்சூடும் சுத்திக் காட்டுதேன்'னு சொல்லி விட்டிருக்காவ."

காப்பி பிள்ளையின் மூக்கில் ஏறியது.

"யாரு?"

"கிருஷ்ணமணி அத்தான்."

"அத்தானா?"

"அத்தை மவனை அத்தான்னு சொல்லாம பின்னே சித்தப்பான்னா சொல்லுவாவ?"

"என்னையும் அத்தான்னுதானேட்டீ கூப்பிடுதே?"

"நீங்களும் அத்தான்தான். அவியளும் அத்தான்தான்."

இந்தச் சமத்துவம் பிள்ளைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அந்தப் பயலுக்கு அங்ஙன என்ன சோலி?"

"ஊரு பாக்கப் போறவளுக்கு அதெல்லாம் எதுக்கு? முடி மட்டும் அன்னைக்குப் பாத்தது போல இப்பமும் சுருட்டைச் சுருட்டையா இருக்காம்."

பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

"வாற ஞாயித்துக்கிழமை நீயும் நானும் போறோம். காலம்பற பஸ்ஸுல போயி, சாயங்காலம் பஸ்ஸுல திரும்பிரணும். அவன் நடையில கால் வைக்கப்பிடாது. அவன் கண்ணுல படப்பிடாது. அவன் இருக்க பக்கத்துக் காத்துகூட நம்ம மேல வீசப்பிடாது."

"உங்க இஷ்டம்" என்றாள் வடிவு.

இத்தனை சீக்கிரத்தில் அவள் எதற்குமே சம்மதித்தது கிடையாது. வேறு யாராயிருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். பிள்ளைக்கு மனசு முழுக்கச் சுருட்டை முடிதான் இருந்தது.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்தால், கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மட்டிப்பழக் குலை, வருக்கைச் சக்கை என்கிற பெரிய பலாப்பழம் ஒன்று. சக்கை என்றால் அது சாதாரணச் சக்கை இல்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்தால்தான் தூக்கலாம். அணைத்தால் முள் குத்தும்.

"இதென்னட்டீ! ஒரு நாள் போக்குக்கு வீட்டையே பேத்துக் கெட்டி வச்சிருக்கே?"

"பெட்டியில மாத்துத் துணி, புளியஞ்சோறு, கொஞ்சம் முந்திரிக்கொத்து. குலையும் சக்கையும் கிருஷ்ணமணி அத்தானுக்கு."

"அவன் வீட்டுக்குத்தான் போகப்போறதில்லியே!"

"போகாண்டாம். அதுக்காவ சொந்தக்காரங்க இருக்க ஊருக்கு வெறுங்கையை வீசிட்டா போவாவ? எங்கயாவது எதுக்க வந்துட்டாவன்னு வையுங்க. 'குலை வியாபாரிக்கு வாக்கப்பட்டும் கையில ஒரு பழம் இல்லியா வடிவு'ன்னு கேப்பாவ. கொறச்சல் எனக்கா, உங்களுக்கா?"

"அப்பம் சாமான் இங்ஙனயே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும். சக்கைன்னா அவியளுக்கு உசிரு. இருக்குன்னு கேள்விப்பட்டா அவியளே எடுக்க வந்துருவாவ. நீங்க கடையில இருக்க நேரமாப் பாத்து வந்தா, வீட்டுக்கு வந்தவியளை நான் போன்னா சொல்ல முடியும்?"

பிள்ளையின் கண்ணுக்குள் நடைவாசல் தெரிந்தது, அதில் ஒரு சுருட்டை முடி குனிந்து நுழைவதும் தெரிந்தது.

"சக்கையும் வரட்டும்!" என்றார்.

"இதையெல்லாம் தூக்கிட்டு ஊரு சுத்த முடியுமா? அவிய வீட்டுல ஒரு ஓரமா வச்சுட்டு..."

"நான் தூக்குதேன்."

"பெட்டியையாவது அவிய வீட்டுல..."

"பெட்டியையும் நான் தூக்குதேன்!"

"தோளு கழண்டு போயிருமே. கிருஷ்ணமணி அத்தான் கண்டா..."

"இன்னொரு வாட்டி அந்தப் பேரைச் சொன்னே, உன்னையும் சேத்துத் தூக்கிருவேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசேரியில் மோட்டார் பஸ் ஏறினார்கள். கிளீனர் குலையை வாங்கிக் கூரைமேல் போட்டான். சக்கைக்குக் கூரையில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டான். பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டார். தக்கலை வரைக்கும் ரோட்டில் எத்தனை குழி உண்டோ அத்தனையும் அவர் தொடைக்குத் தெரிந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு வாலிபன் ஏறினான். வடிவின் காலடியில் இருந்த பெட்டியை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். தலையில் சுருட்டை முடி.

"தம்பி, பேரென்ன?" என்றார் பிள்ளை.

"யூஜின்."

"பொய் சொல்லப்பிடாது. கிருஷ்ணமணிதானே?"

"இல்ல அண்ணாச்சி, யூஜின். கழுத்துல குரிசு கெடக்கு, பாரும்."

"குரிசு காசு குடுத்தா கெடைக்கும். நீ ஒரு பாட்டுப் பாடு."

"என்னது?"

"பாட்டுடே, பாட்டு. பாடு, கேக்கட்டும்."

சக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கண்ணை உருட்டினால் யாருக்குத்தான் பயம் வராது? யூஜின் நடுங்கிப்போய் மாதா கோயில் பாட்டு ஒன்றைப் பாடினான். சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பிள்ளைக்குப் பரம திருப்தி. கிருஷ்ணமணிக்கு நல்ல குரல். இவன் அவன் இல்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வடிவு மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது பஸ்ஸின் குலுக்கல் என்றே பிள்ளை நினைத்தார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி முதலில் பத்மநாபசாமி கோயிலுக்குப் போனார்கள். உள்ளே சட்டையோடு போகக் கூடாது; மூட்டை முடிச்சோடும் போகக் கூடாது.

"நீங்க சட்டையைக் கழத்திட்டுப் போயிட்டு வாங்க. நான் சாமானுக்குக் காவல் இருக்கேன்" என்றாள் வடிவு.

பிள்ளை பொத்தானில் கை வைத்தார். உடனே மனசில் ஒரு படம் ஓடியது. அவர் உள்ளே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வெளியே வடிவு தனியாக இருக்கிறாள். பக்கத்தில் சக்கை. அதன் மணத்தைப் பிடித்துக்கொண்டே ஒருவன் வருகிறான்.

பொத்தானை விட்டுவிட்டார். "நீ போயிட்டு வா. நான் இருக்கேன்."

பஸ்ஸில் வந்த பெண்களோடு உள்ளே போனவள், வெயில் ஏறிய பிறகு நெற்றியில் சந்தனமும் முகத்தில் சிரிப்புமாகத் திரும்பி வந்தாள்.

"எத்தாம் பெரிய சாமி! ஒரு வாசல்ல மொகம், ஒரு வாசல்ல தொப்புள், ஒரு வாசல்ல பாதம்!"

"அது கெடக்கட்டும். உள்ள சுருட்டை முடிக்காரன் எவனாம் உண்டுமா?"

"பூசை வைக்க போத்திக்குக் குடுமிதான் இருந்துது."

அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மிருகங்களை அடைத்து வைத்திருக்கிற காழ்ச்சபங்களாவுக்குப் போனார்கள். வாசலில் நின்ற காவல்காரன் குலையைப் பார்த்தான், சக்கையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். இதோடு உள்ளே போனால் குரங்கெல்லாம் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்றான். மறுபடியும் ஒருவர் வெளியே இருக்க வேண்டியதாயிற்று. "நீங்க புலியைப் பாத்துட்டு வாங்க" என்று வடிவு வற்புறுத்தத்தான் செய்தாள். அவள் வற்புறுத்த வற்புறுத்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வலுத்தது. "நீ போ!" என்று பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒருவன் வந்து நின்றான்.

"சக்கை என்ன விலை?"

"விக்கதுக்கு இல்ல."

"குலை?"

"அதும் விக்கதுக்கு இல்ல."

"பின்னே எதுக்கு நடுரோட்டில் கடை போட்டிருக்கு?"

வந்தவன் தலையில் துண்டு கட்டியிருந்தான். துண்டுக்கு அடியில் என்ன முடியோ, யார் கண்டது? பிள்ளை சக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவன் போகிற வரைக்கும் முறைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பசு பின்னால் வந்து குலையில் பாதியைத் தின்றுவிட்டது. வடசேரியில் ஊருக்கெல்லாம் குலை விற்ற மனிதர் பசுவுக்கு இலவசமாக விளம்பினார்.

வடிவு புலியைப் பார்த்தாள். சிங்கத்தைப் பார்த்தாள். பக்கத்துப் பங்களாவில் பழைய சிலைகளைப் பார்த்தாள். பிறகு கடப்புறத்துக்கு ஒரு பஸ். அங்கே அவள் அலையில் கால் நனைத்துச் சின்னப் பிள்ளைபோல் ஓடினாள். பிள்ளை மணலில் பெட்டியைப் போட்டு, சக்கையைக் காலிடுக்கில் வைத்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆட்கள் ரோட்டுப் பக்கமிருந்துதானே வருவார்கள்! சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. அதையும் அவர் பார்க்கவில்லை. எங்கேயோ தன் வடிவைத் தேடிக்கொண்டு அலைகிற ஒருவனை நினைத்து, ஏமாந்தாயா பயலே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வடிவு அவர் தோளில், வலித்த தோளில், தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பிள்ளைக்கு வலி தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றியும் கிருஷ்ணமணியின் நிழல்கூடப் படாமல் மனைவியைத் திருப்பிக் கொண்டுவருகிறார். வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சக்கையை வெட்ட உட்கார்ந்தார். அவனுக்கென்று போன சக்கையைத் தாமே தின்பதில் ஒரு தனி ருசி இருந்தது. மணம் பிடித்துக்கொண்டு கோலப்பன் வந்துவிட்டார்.

"என்ன ஓய், நெஞ்செல்லாம் புள்ளிப் புள்ளியா இருக்கு? அம்மையா?"

"சக்கை முள்ளு வே. இது ஒருத்தனுக்குப் போக வேண்டிய சக்கை. அவன் ஊருக்கே கொண்டுபோயி, அவன் கண்ணுல காட்டாம திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"யாருக்கு?"

வெற்றி மயக்கத்தில் பிள்ளை தம் சபதத்தைத் தாமே மீறினார். "கிருஷ்ணமணிக்கு. திருவனந்தரத்துல இருக்கான்லா."

கோலப்பன் வாயில் போட்ட சுளையை மெல்ல மறந்துவிட்டார்.

"வடிவுக்க அத்தை மவனா? அவன் கப்பலேறிக் கொழும்புக்குப் போயி காலம் எம்புட்டு ஆச்சு! எனக்க மச்சினன் அவனுக்க கடையிலதான் நிக்கான். கல்யாணம் கழிஞ்சு, பிள்ளையளும் ஆச்சு. முடியெல்லாம் கொட்டி, தலை உரிச்ச தேங்கா போல இருக்காம்."

"இதை ஏன் வே எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லத்தானே வந்தேன்! பேரை எடுத்ததும் ஒரு மாசம் மொகத்தைத் திருப்பிக்கிட்டீரே!"

"ஏட்டீ வடிவு!"

வடிவு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்க அத்தை மவன் எங்ஙனட்டீ இருக்கான்?"

"கொழும்புல."

"திருவனந்தரம்னு சொன்னே?"

"கொழும்புன்னு சொல்லியிருந்தா என்னைத் திருவனந்தரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியளா?"

பிள்ளை யோசித்துப் பார்த்தார். போயிருக்க மாட்டார்.

"சரி, பின்னே இந்தச் சக்கையும் குலையும் பெட்டியும் எதுக்குட்டீ?"

"அதில்லாட்டா நீங்களும் உள்ள வந்திருப்பிய. வட்டக்கோட்டை எனக்கு மறந்தா போச்சு? புலியைப் பாத்து நான் வாயைத் தெறக்குமுன்ன, 'பூனைதானே, நட'ன்னு இழுத்துட்டு வந்திருப்பிய."

கோலப்பன் சிரிப்பை அடக்க இன்னொரு சுளையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

"இனி நான் வடசேரியைத் தாண்டுனா என் பேரு சிவதாணு இல்ல!" என்று பிள்ளை அந்த இடத்திலேயே புதுசாக ஒரு சபதம் செய்தார்.

"தாண்டாண்டாம்" என்றாள் வடிவு. "வாற சித்திரைக்கு மதுரை பாக்கணும்னு ஒரு ஆசை. அங்ஙன எனக்க மாமா மவன் ஒருத்தரு உண்டும். நான் மட்டும் போயிட்டு வந்துருதேன்."

இந்தத் தடவை பிள்ளை ஏமாறவில்லை. எல்லாம் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அது பொய் என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வெற்றிச் சிரிப்போடு ஒரு சுளையை எடுத்தார். வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது.

"அவனுக்கு முடி எப்பிடி?" என்று கேட்டார்.