கேத்தல் தண்ணீரும் மகளின் ஆராய்ச்சியும்

அன்புள்ள மச்சான் ஸ்ரீதரன் அவர்களுக்கு,

புளத்கொகுபிட்டியவிலிருந்து இருளப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா ஜெயம்மாவும் சுகம். கொடகவெலயில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் ஜெயம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பதால் கடிதம்.

உங்கள் மருமகள் ஜீவராணி கண்டியில் கம்பஸில் செய்யும் ஆராய்ச்சிக்கு, ஐந்து மாதமாகச் செவ்வாய்தோறும் நான்தான் தண்ணீர் பிடித்து அனுப்புகிறேன். றப்பர் பெக்டரிக் கழிவு ஓடும் கானில் ஒரு போத்தல், மலை மேல் ஓடையில் ஒரு போத்தல். தண்ணீருக்குள் பக்டீரியா இருக்கிறதாம், அதைத் தின்ன ஒரு வைரஸ் இருக்கிறதாம். பக்டீரியா தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தால் வைரஸ் அதை உடைக்க இன்னொரு வழி கண்டுபிடிக்குமாம். "கான்ல சாப்பாடு நெறையப்பா, அதனால ரெண்டும் வேகமா மாறுது. ஓடையில சாப்பாடு கொறைவு, அங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். எடத்தப் பொறுத்துத்தான் சண்டை," என்றாள். சண்டை போடவும் வயிறு நிறைய வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற மனுசனுக்கு இந்த விசயமெல்லாம் எதுக்கு மச்சான், சொல்லுங்க.

முதல் வாரமே கான் தண்ணீரை ஜெயம்மா மோர் என்று நினைத்து பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் பெக்டரி வாச்சர், "மொகத மே, என்ன இது மாமா? எங்க மேல கம்ப்ளேன் போடப் போறீங்களா?" என்று போத்தலைப் பிடுங்கப் பார்த்தான். மகளின் படிப்பு என்று விளக்கினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே அவன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். லயத்து வீடுகளில் எனக்கு ஏதோ தொற்று நோய், தண்ணீரை டெஸ்ட்டுக்கு அனுப்புகிறேன் என்று பேச்சு. ஓடைக்குப் போனால் அட்டைக்கடி வேறு. இதெல்லாம் பரவாயில்லை, பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பெருமழை நாளில்தான் தப்பு நடந்தது. ஓடைக்கு ஏறும்போது வழுக்கி விழுந்து கால் சுளுக்கிவிட்டது, போத்தல் வெள்ளத்தோடு போய்விட்டது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாராவாரம் போத்தல்களைக் கண்டிக்குக் கொண்டுபோகும் ஹஸீபின் லொறி வாசலில் நின்று ஹோன் அடிக்குது. நான் என்ன செய்ய, மேசையில கொதிச்சு ஆறின தண்ணி கேத்தல்ல இருந்துச்சு. அதையே வேறு போத்தலில் ஊற்றி, 'ஓடை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவும் தண்ணிதானே மச்சான்.

பத்து நாள் கழித்து பிள்ளை போன் எடுத்து, "அப்பா, அந்த மழைக்கு அப்புறம் ஓடையில பக்டீரியாவும் இல்ல, வைரஸும் இல்ல. இதப்பத்தி ஒரு அத்தியாயமே எழுதுறேன்," என்கிறாள். அடுத்த மாதம் கொழும்பில் பெரிய ஆட்கள் முன்னால் பேசப் போகிறாளாம். என் கேத்தலைப் பற்றி. அவளிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. தாய்மாமன் நீங்கள்தான் பக்குவமாய்ச் சொல்ல வேண்டும். அப்படியே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தண்ணீருக்கு வேறு ஆள் பார் என்றும் சொல்லுங்கள். நான் களைத்துவிட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நல்லாப் படிக்கட்டும், ஆனால் தண்ணீர் பற்றி வேண்டாம்.

இப்படிக்கு,
மச்சான் இருளப்பன்

பி.கு.: ஜீவராணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நேற்று இரவு கடிதத்தை மடிக்கும்போதே அவள் போன் வந்துவிட்டது. "என் ஆராய்ச்சியப் பாக்குற மேடம் சிரிச்சுட்டாங்கப்பா. ஒரு கிருமியும் இல்லாத ஓடை எங்கயும் கெடையாதாம். உண்மையச் சொல்லுங்க." சொல்லிவிட்டேன். பிறகு, "விழுந்தத ஏம்பா எங்கிட்ட சொல்லல?" என்றாள். "இனி நீங்க போக வேணாம், வேற ஆள் பாத்துக்கிறேன்," என்று வைத்துவிட்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனாலும் மனசு கேட்கவில்லை மச்சான். வேற ஆளுக்கு அந்த ஓடையில் எங்கே கால் வைப்பது என்று தெரியுமா? இன்று செவ்வாய். விடிந்ததும் கம்பு ஊன்றிப் போய் எடுத்து அனுப்பிவிட்டேன். போத்தலில் 'ஓடைத் தண்ணீர், சத்தியமாக' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.