போலீசக்காவும் கருங்கொண்டை மந்திரவாதியும்

காக்கிச் சட்டை போடாமலே ராஜபாளையத்தை நடுங்க வைத்த ஒரே ஆள் எங்கள் போலீசக்காதான். அவள் வருவதைப் பார்த்தால் காய்கறிக்காரர் தராசை ஒருமுறை துடைத்துக்கொள்வார். தெருவில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி சட்டென்று சமாதானமாகிவிடுவார்கள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கும் நாளில் மட்டும்தான் அதற்கு வேலை.

எண்பதுகளின் கடைசி அது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் ஃபேக்டரி ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். பக்கத்திலேயே பெண்கள் விடுதி. சனிக்கிழமை வந்தால் போலீசக்கா ஒரு மாயாஜாலப் படக்கதைப் புத்தகத்தோடு அறைக்குள் நுழைவாள். அவள் வாய்விட்டு வாசிக்க, நாங்கள் பாயை விரித்துச் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

அதில் கருங்கொண்டை என்று ஒரு மந்திரவாதி. கெட்டவன்தான், ஆனால் சிரிப்புக் கெட்டவன். ஊர் மாடுகளையெல்லாம் பூசணிக்காய் ஆக்குவான். ராஜாவின் மீசையில் புடலங்காய் காய்க்க வைப்பான். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஓவென்று அழுவான். ராஜாவும் மனமிரங்கி மன்னித்து, விருந்து வைத்து, மந்திரக்கோலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் மறுபடியும் பூசணிக்காய்.

எங்களுக்குச் சிரிப்பு வரும். போலீசக்காவுக்கு ரத்தம் கொதிக்கும்.

“இவனை இட்லிக் கொப்பரையில வச்சு அவிக்கணும்ட்டி!”

“போக்கா, சிரிக்கத்தான கதை. அவனைக் கொன்னுட்டா அடுத்த வாரம் யாரைப் பத்தி வாசிப்ப?” என்பாள் பக்கத்துப் பாய்க்காரி செல்வி.

“கொல்லவா சொன்னேன்? அவிக்கத்தான சொன்னேன்!”

தண்டனை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரை ஒற்றை ஆளாக இழுக்க விடவேண்டும் என்றாள். தேர் அசையாதே என்று ஒருத்தி கேட்டதற்கு, “அசையிற வரைக்கும் இழுக்கட்டும்” என்றாள். அவிக்கணும் என்று பாதி, சிரித்தால் போதும் என்று பாதி, அறையே இரண்டு கட்சியானது.

ஒரு சனிக்கிழமை கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கத்தாமல் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: “அழுதான், மன்னிச்சாங்க, சரி. மந்திரக்கோலை எதுக்குட்டி திருப்பிக் குடுக்காங்க?”

“அது அவனோடது தானக்கா” என்றாள் செல்வி.

எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெண்கள் கக்கூஸைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். போய்க் கேட்டால், “இப்பத்தானம்மா போன?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பார். கூனிக்குறுகித் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியவர்கள் உண்டு. ஒருநாள் செல்விக்கு வயிற்றுவலி. சாவி கேட்டுக் கேட்டு நின்றவள், தறிப் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் பால்கோவா டப்பாவோடு வந்தார். கைகூப்பினார். கண்கூடக் கலங்கியது. இது முதல் தடவை இல்லை. யாரையாவது அழவைத்தால் மறுநாள் பால்கோவா வருவது வழக்கம்தான். ஆளுக்கொரு துண்டு எடுத்தோம். செல்வியே இரண்டு எடுத்தாள். போலீசக்காவும் எடுத்து, நிதானமாகச் சப்பிச் சாப்பிட்டாள்.

“நல்லாருக்கு சார். சாவி?” என்று கையை நீட்டினாள்.

“அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனேம்மா!”

“மன்னிச்சாச்சு சார். சாவி?”

“வேலை போயிரும், பாத்துக்கோ!”

“சரி சார். சாவி?”

இன்னொரு கையால் தன் தறியை நிறுத்தினாள். பிறகு செல்வியின் தறி நின்றது. ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் என் தறியும் நின்றது. அந்த ஷெட்டில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

சத்தம் நின்றதைக் கேட்டு முதலாளியே ஓடி வந்தார். அவர் விசாரிக்கவும், பின்னாலிருந்து யாரோ, “இவரை வேலையை விட்டு எடுங்க!” என்று கத்தினார்கள். போலீசக்கா திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

“அவரு இருக்கட்டும் முதலாளி. பிள்ளைகுட்டிக்காரரு. சாவி மட்டும் அவரு கையில இருக்கக் கூடாது.”

முதலாளி அவளையும் பார்த்தார், நின்றுபோன தறிகளையும் பார்த்தார். மத்தியானத்துக்குள் கக்கூஸ் கதவிலிருந்து பூட்டையே கழற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் அதன் பிறகும் பல வருஷம் இருந்தார். வெறும் சட்டைப்பையோடு மனிதர் பரவாயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று சாயங்காலம் செல்வி கேட்டாள்: “ஏக்கா, அவரைக் கொப்பரையில வச்சு அவிக்கலையா?”

“அந்தாளு வேகமாட்டாருட்டி” என்றாள் போலீசக்கா.

கல்யாணம் முடிவாகி, வேலையை விட்டு நான் என் ஊர் வத்திராயிருப்புக்குக் கிளம்பியபோது போலீசக்கா வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். “ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வாரேன்.” அங்கே வத்திராயிருப்பு பஸ்ஸிலும் ஏறினாள். வழிநெடுக வசவு. வேளாவேளைக்குத் தின்னு, எவனுக்கும் பயப்படாதே, புகுந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வந்து உதைப்பேன் என்று மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டே வந்தாள்.

என் ஊர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.